'அன்டுவார்ட்' (untoward)ங்கற இங்கிலீஷ் வார்த்தைய எங்கெங்க போடலாமுங்க?

பனியன்சிட்டி மெர்ச்சு:

வணக்கமுங்க எல்லாத்துக்கும். திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருக்கறனுங்க. பையர் அனுப்பற மெயில்ல 'அன்டுவார்ட்'னு ஒரு வார்த்தை வந்துக்கிட்டே இருக்குது, முன்னெல்லாம் கண்டுக்காம உட்டுருவன், இப்ப ரெண்டு எடத்துல வந்து கொழப்பி உட்டுருச்சுங்க.

மொதல்ல வந்தது ஷிப்மென்ட் மெயில்ல. சரக்கு தூத்துக்குடி போயி கப்பல் ஏர்ற வரைக்கும் 'எனிதிங் அன்டுவார்ட்' நடந்தா ஒடனே சொல்லுங்கன்னு போட்டிருந்தாங்க, சரி, துணி கலர் ஷேட் மாறிப்போச்சு, கண்டெய்னர் நின்னுபோச்சு, லாரி கவுந்துருச்சு இந்த மாதிரி சமாச்சாரம் போலன்னு நெனச்சுக்கிட்டன். இப்ப அதே பையர் ஃபேக்டரில ஒட்டச் சொல்லி ஒரு நோட்டீஸ் அனுப்பீருக்காங்க, அதுல சூப்பர்வைசர் யாராச்சும் அன்டுவார்ட்டா நடந்துக்கிட்டா இந்த நம்பருக்கு சொல்லுங்கன்னு இருக்குது. ஏனுங்க, லாரி கவுர்றதுக்கும் சூப்பர்வைசர் வாலாட்டறதுக்கும் ஒரே வார்த்தையா? டிக்சனரி பாத்தா 'துரதிர்ஷ்டமான', 'தகாத', 'விரும்பத்தகாத', 'அடங்காத'ன்னு நாலு தெசைக்கு இழுக்குது. அடங்காதன்னா என்னங்க, காளை மாடா?

அந்த நோட்டீச தமிழ்ல எழுதற வேலைய எங்க மேனேஜர் என்ற தலைல கட்டீட்டாருங்க. லைன்ல உக்காந்து தைக்கற பொண்ணுங்க படிச்சா சட்டுனு புரியோணும். அப்பறம் நானும் மெயில்ல இத போடலாமா, போட்டா எங்க போடோணும்னும் சொல்லுங்க.

ஊத்துக்குளி வெண்ணெய்:

மாப்ள இதுக்கா இவ்ளோ பெரிய போஸ்ட்டு. எங்க அம்மிச்சி பஸ் ஏத்தி உடறப்ப 'ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருச்சுன்னா போன் பண்ணு சாமி'ன்னு சொல்லுமல்ல, அந்த 'ஒண்ணு கெடக்க ஒண்ணு'தான் உங்க பையர் சொல்ற எனிதிங் அன்டுவார்ட்டு. முடிஞ்சுது.

கோபி டீச்சர்:

வெண்ணெய் தம்பி குசும்புக்கு சொன்னாலும் சரியாத்தான் சொல்லீருக்குது, ஆனா அது பாதிதான் கண்ணு. மீதிய நான் சொல்றன், கொஞ்சம் பெருசா போகும், டீ போட்டுக்கிட்டு வந்து உக்காந்துக்கங்க.

அடங்காத மாடுன்னு கேட்டீங்கல்ல, வெளையாட்டுக்குக் கேட்டாலும் அந்த வார்த்தை பொறந்த எடமே அதுதானுங்க. இப்ப நமக்கு டுவார்ட்னா 'அந்தப் பக்கமா, நோக்கி' அவ்வளவுதான தெரியும், பழைய இங்கிலீஷ்ல அது ஒரு கொணத்தையும் சொல்லும், சொன்ன பேச்சு கேக்கற புள்ள, படிச்சுக் கொடுத்தா புடிச்சுக்கற புள்ள, இதயெல்லாம் டுவார்ட்டுன்னு சொல்லீருக்காங்க. அதுக்கு முன்னால 'அன்' சேத்தா சொன்ன பேச்சு கேக்காதது, ஒரு பக்கம் இழுத்தா மறு பக்கம் போறது. 1611ல வந்த கிங் ஜேம்ஸ் பைபிள்ல அப்போஸ்தலர் நடபடிகள் ரெண்டாம் அதிகாரம் நாப்பதாம் வசனத்துல பேதுரு 'இந்த அன்டுவார்ட் ஜெனரேஷன்கிட்டருந்து தப்பிச்சுக்கங்க'ன்னு சொல்றாரு, நம்ம பழைய தமிழ் பைபிள்ல அந்த எடத்துல 'மாறுபாடுள்ள சந்ததி'ன்னு இருக்கும். அப்ப மனுசங்களுக்கு சொல்ற வார்த்தையா இருந்துருக்குது. பொறகு ஆள உட்டுப்போட்டு நடக்கற காரியத்துக்குத் தாவீருச்சு, நம்ம சொல்லுக்கு அடங்காம ஏறுக்கு மாறா போற காரியம் எதுவோ அது அன்டுவார்ட். அங்கருந்து ரெண்டு கெளை பிரியுது. ஒண்ணு நெனைக்காம வந்து சேர்ற கெட்டது, இன்னொண்ணு மொறை தப்பிப் போற நடத்தை. உங்க லாரி மொதக் கெளை, சூப்பர்வைசர் ரெண்டாங் கெளை. வேர் ஒண்ணுதானுங்க.

இந்த வார்த்தைக்கு ஒரு கொணம் உண்டு, அது தெரிஞ்சாத்தான் எடம் பாத்துப் போட முடியும். என்ன நடந்துச்சுன்னு சொல்லாது. எதோ நடக்கக் கூடாதது நடந்துச்சுன்னு மட்டும் சொல்லும். இதுக்கு ஒரு பெரிய உதாரணம் இருக்குதுங்க. 1827 அக்டோபர் 20ந் தேதி கிரேக்க நாட்டு நவரினோ விரிகுடாவுல பிரிட்டிஷ், பிரெஞ்சு, ரஷ்யக் கப்பலுங்க ஒண்ணு சேந்து துருக்கி, எகிப்து கப்பல் படைய அடிச்சு நொறுக்கிப் போட்டாங்க. பிரிட்டிஷ்காரங்களுக்கு முழு ஜெயம். அடுத்த ஜனவரில பார்லிமென்ட்ட தொறக்கறப்ப ராஜா பேர்ல வாசிச்ச உரையில அத என்னன்னு சொன்னாங்க தெரியுமா, 'அன்டுவார்ட் ஈவென்ட்'. ஜெயிச்ச சண்டைய எதுக்கு அப்படிச் சொல்லோணும்? வெலிங்டன் அப்பத்தான் பிரதமரா வந்துருந்தாரு, துருக்கி எளைச்சுப்போனா ரஷ்யா கை ஓங்கீரும்னு அவுங்களுக்கு பயம். சண்டைய நடத்துன பிரிட்டிஷ் தளபதி காட்ரிங்டன பாராட்டவும் முடியில, திட்டவும் முடியில, ரெண்டுக்கும் நடுவால ஒரு வார்த்தை வேணும், இது வந்து ஒக்காந்துக்கிச்சு. அந்த 1828லயே அந்தத் தளபதியத் திருப்பிக் கூப்டுக்கிட்டாங்க.

எப்படிச் சொல்றதுன்னா, பிரிட்டன் பக்கம் 'அன்-ட-வோர்ட்', கடேசில அழுத்தம். அமெரிக்காக்காரங்க நெறையப் பேரு 'அன்-டோர்ட்'னு சுருக்கீருவாங்க. ரெண்டும் சரிதான், ஜூம் கால்ல பையர் எப்படிச் சொல்றாரோ அதையே புடிச்சுக்கங்க.

டெஸ்க்காரன் கோவை:

டீச்சர் சொன்ன அந்த 'என்னன்னு சொல்லாது'ங்கறதத்தான் நானும் சொல்ல வந்தனுங்க. பத்திரிகை டெஸ்க்குல ஒக்காந்து போலீஸ் ப்ரெஸ் நோட்டெல்லாம் தமிழ்ப்படுத்தற பொழப்பு எனக்கு. 'டு ப்ரிவென்ட் எனி அன்டுவார்ட் இன்சிடென்ட்' இல்லாத நோட்டே கெடையாது. பண்ணாரி கோயில்ல தீ மிதிக்கற குண்டமாகட்டும், வினாயகர் சிலை ஊர்வலமாகட்டும், எலெக்‌ஷன் கவுண்டிங்காகட்டும், 'அசம்பாவிதம் எதுவும் நடக்காமல் தடுக்க போலீசார் குவிக்கப்பட்டனர்', அவ்ளோதான், கை தானா அடிச்சுரும். குண்டத்துல அசம்பாவிதம்னா கூட்டத்துல நசுங்கறது, தீயில தடுக்கி உழுகறது. ஊர்வலத்துல அசம்பாவிதம்னா கல்லெறி. கவுண்டிங்ல கைகலப்பு. மூணுக்கும் ஒரே வார்த்தை, படிக்கறவங்களே எடத்தப் பாத்து ரொப்பிக்கறாங்க. என்னக் கேட்டா இது சோம்பேறி வார்த்தைங்க, நிருபர் என்னன்னு கேக்காம உட்டதுக்கு மூடி போடற வார்த்தை.

நோட்டீசுக்கு அசம்பாவிதம் போட்றாதீங்க தம்பி. அசம்பாவிதமா நடந்துக்கிட்ட சூப்பர்வைசர்னு தமிழ்ல யாரும் சொல்ல மாட்டாங்க, அந்த வார்த்தை சம்பவத்துக்கு மட்டுந்தான் ஒட்டும். ஆளு நடத்தைக்கு 'தகாத முறையில்'னு ஒரு பேப்பர் வழக்கம் இருக்குது, அதுவும் மூடிதான், ஆனா ஊரே புரிஞ்சுக்கற மூடி.

ஈரோட்டு கறுப்புக்கோட்டு:

டெஸ்க்காரண்ணா, சோம்பேறி வார்த்தைன்னு ஒரேடியா சொல்லீறாதீங்க, எங்க தொழில்ல இந்த ஒரு வார்த்தைக்காகவே கேஸ் நடக்குதுங்க. 1989 ரயில்வே சட்டத்துல 123வது பிரிவப் பாருங்க, 'அன்டுவார்ட் இன்சிடென்ட்'னா இன்னது இன்னதுன்னு அளந்து வெச்சிருக்குது. 1994ல திருத்தம் பண்ணிச் சேத்தது. பயங்கரவாதச் செயல், வண்டிக்குள்ளயோ ஸ்டேஷன் எல்லைக்குள்ளயோ நடக்கற கொள்ளை, வன்முறைத் தாக்குதல், கலவரம், துப்பாக்கிச் சூடு, தீ வெக்கறது, அதுபோக பயணிகள் வண்டில இருந்து ஒருத்தர் தவறி உழுகறது.

இதுல ஒரு வேடிக்கை இருக்குதுங்க. வண்டியும் வண்டியும் மோதுனா, தடம் பொரண்டா, அது இந்தக் கணக்குல வராது! அது 'ஆக்சிடென்ட்', அதுக்கு 124வது பிரிவு தனியா இருக்குது. அன்டுவார்ட் இன்சிடென்ட்டுக்கு 124ஏ. ஈரோட்டுல ஏறி ஊத்துக்குளி, வஞ்சிபாளையம் தாண்டி கதவோரம் நின்னுக்கிட்டு வர்ற ஆளு கை நழுவி உழுந்தா 124ஏ. ரயில்வே மேல தப்பு இருக்குதா இல்லியான்னு பாக்காம நஷ்டஈடு கொடுக்கோணும்னு அந்தப் பிரிவு சொல்லுது, உயிர் போயிருந்தா 2017லருந்து 8 லட்சம். தற்கொலை, தானா தேடிக்கிட்ட காயம், அவரே பண்ணுன குத்தம், குடிபோதைல பண்ணுனது, சீக்குல போறது இதெல்லாம் கெடையாது. ஏறிக்கிட்டு இருக்கறப்ப உழுந்தாலும் 'தவறி உழுந்தது'ல சேரும்னு 2008ல சுப்ரீம் கோர்ட் சொல்லீருச்சு. 2018ல இன்னொரு தீர்ப்பு, பொணத்துக்கிட்ட டிக்கெட் கெடைக்கிலன்னா அத மட்டும் வெச்சு பயணி இல்லைன்னு தள்ளீற முடியாதுன்னு.

நம்ம சனத்துக்கு இது தெரியாம, 'அவன்தான கதவுல தொங்குனான், நம்ம தப்புதான'ன்னு சும்மா இருந்தர்றாங்க, நஷ்டஈடு கேக்கற ரயில்வே க்ளெய்ம்ஸ் டிரிப்யூனல்ல ஒரு வருசத்துக்குள்ள மனு போடோணும், அது தாண்டுனா தாமதத்துக்குக் காரணம் சொல்லி மன்றாடோணும். வார்த்தைய உட்டு வெளிய போயிட்டன், மன்னிக்கோணும், ஆனா கேஸ் கட்டுல இந்த வார்த்தை வந்தா அசம்பாவிதம்னு பொதுவா படிச்சுட்டுப் போயிறாதீங்க.

லேபுக்காரன்:

மருந்து ட்ரையல் பக்கமும் இப்படித்தானுங்க. ட்ரையல்ல வர்ற 'அட்வர்ஸ் ஈவென்ட்'டுக்கு உலகம் பூரா புழங்கற ஐசிஹெச்ங்கற சர்வதேச அமைப்போட வழிகாட்டுதல்ல விளக்கமே 'எனி அன்டுவார்ட் மெடிக்கல் அக்கரன்ஸ்'னுதான் ஆரம்பிக்கும். அந்த மருந்துனாலதான் வந்துச்சான்னு நிரூபிக்க வேண்டியதில்ல. மாத்திரை சாப்டற ஆளு வண்டில போயி உழுந்து காலை ஒடிச்சுக்கிட்டாலும் எழுதி வெக்கோணும், காரணத்த அப்பறமா பிரிச்சுப் பாத்துக்கலாம். காரணம் சொல்லாத வார்த்தைங்கறதாலயே இங்க அது ஒதவுது, 'சைடு எஃபெக்ட்'னு எழுதுனா மருந்து மேல பழிய போட்டாப்ல ஆயிரும்.

பனியன்சிட்டி மெர்ச்சு:

டீச்சருங்க, வக்கீலண்ணா, எல்லாத்துக்கும் ரொம்ப நன்றிங்க. ஒரு வார்த்தைக்குள்ள கப்பச் சண்டை வரைக்கும் இருக்கும்னு நெனைக்கவே இல்லீங்க. இப்ப நான் மெயில்ல போடலாம்னு நாலஞ்சு வாக்கியம் ரோசன பண்ணி வெச்சிருக்கறன், பாத்துச் சொல்லுங்க. ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்சுது, நத்திங் அன்டுவார்ட் வாஸ் ஃபவுண்ட். அடுத்தது, ட்யூ டு அன்டுவார்ட் பவர் கட், நிட்டிங் டிலேட். அப்பறம், தி ட்ரைவர் இஸ் அன்டுவார்ட் பர்சன், இது நம்ம லாரிக்காரன் ஒருத்தன் போன எடுக்கவே மாட்டேங்கறான் அதுக்கு. இன்னொண்ணு, பையர் ஆபீஸ்ல எனக்குப் பழக்கமான ஒரு மேடம் ரொம்ப நாளா ரிப்ளை இல்ல, ஹோப் நத்திங் அன்டுவார்ட் ஹேஸ் ஹேப்பன்ட்.

கோபி டீச்சர்:

மொதலாவது அருமை, அப்படியே அனுப்புங்க. இந்த வார்த்தைக்கு ரொம்பப் புடிச்ச கூட்டாளி நத்திங், எனிதிங் ரெண்டுந்தான், அதுங்களுக்குப் பின்னால வந்து நின்னுக்கும், பேருச்சொல்லுக்கு முன்னால போனா பெரும்பாலும் இன்சிடென்ட், எஃபெக்ட், பிஹேவியர் இப்படிச் சிலதோடதான் சேரும்.

பவர் கட்டுக்கு வேண்டாங்க. கரண்ட் போறது நம்மூர்ல அதிசயமா? அதுக்கு 'அன்எக்ஸ்பெக்டட்' போதும், இல்லாட்டி வெறும் பவர் கட்னு எழுதுங்க. அன்டுவார்ட்டுல கொஞ்சம் கனம் இருக்குது, படிக்கறவங்க 'அய்யோ என்னாச்சோ'ன்னு நிமிந்து உக்காருவாங்க, அங்க போயி கரண்டுன்னா சப்புனு போயிரும். அதே மாதிரி துக்கத்துக்கும் வராது கண்ணு. வயசான பெரியவர் ஒருத்தர் தவறீட்டாருன்னா அது அன்ஃபார்ச்சுனேட், அன்டுவார்ட்னு எழுதுனா சாவுல எதோ சந்தேகம்னு அர்த்தம் ஆயிப்போகும்.

ட்ரைவர் வாக்கியம் நானூறு வருசத்துக்கு முன்னாடின்னா சரி! இப்ப ஆளுக்கு நேரடியா சொல்றதில்ல, அவரோட நடத்தைக்குத்தான். அதுவும் போன் எடுக்காததுக்கு இல்ல, 'அன்ரிலையபிள்'னு போட்டுக்கங்க. பையர் மேடத்துக்கு எழுதுனது சரியான எடம். நலமான்னும் கேட்டாச்சு, என்னாச்சுன்னு நோண்டவும் இல்ல.

பெருந்துறை ஹெச்ஆர்:

எல்லாரும் மெயிலப் பத்தியே பேசறீங்க, தம்பி கேட்ட நோட்டீச மறந்துட்டீங்க. நான் பெருந்துறை சிப்காட்ல ஒரு மில்லுல ஹெச்ஆருங்க, அந்த மாதிரி நோட்டீஸ் எங்ககிட்டயும் வரும். அதுல அன்டுவார்ட்டுக்கு நேரா தமிழ்ல ஒரே வார்த்தை தேடாதீங்க. 'தகாத'ன்னு ஒட்டுனா எங்க பொண்ணுங்க பாத்துட்டுப் போயிருவாங்க, இங்க ஹாஸ்டல்ல தங்கி வேலை செய்யற புள்ளைங்க பாதிப்பேரு ஒடிசா, பீகார், அதுங்களுக்கு இந்தியிலயும் ஒடியாவுலயும் போடோணும், அது வேற. தமிழ் படிக்கற புள்ளைக்கே கூட சூப்பர்வைசர் 'வாடி போடி'ன்னு கூப்டறது தகாததுல சேருமா சேராதா, பீஸ் கொறஞ்சதுக்கு எல்லார் முன்னாடியும் துணியத் தூக்கி மேல எறியறது சேருமா, தோள்ல கைய வெச்சுக்கிட்டு மெஷினப் பாக்கறாப்ல நிக்கறது சேருமான்னு சந்தேகம் வரும், சந்தேகம் வந்தா சொல்லாது, அடக்கிக்கிட்டு இருந்துக்கும். அதனால நான் பையர் நோட்டீச வார்த்தைக்கு வார்த்தை மாத்தாம, 'அசிங்கமாகப் பேசினால், கெட்ட வார்த்தையில் திட்டினால், தொட்டால், தனியாகக் கூப்பிட்டால், போனில் தேவையில்லாத மெசேஜ் அனுப்பினால்'னு விரிச்சு எழுதிப் போட்டனுங்க. பையரோட ஆடிட்டர் வந்து பாத்தாங்க, ஒண்ணும் சொல்லல.

புகார் எழுதறப்பவும் இந்த வார்த்தை வேண்டவே வேண்டாம். பத்துப் பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற எடத்துல, பொண்ணுங்களுக்கு வர்ற பாலியல் தொல்லைய தடுக்கற 2013 சட்டப்படி உள் புகார் குழு இருக்கோணும், நடந்ததுலருந்து மூணு மாசத்துக்குள்ள எழுத்துல கொடுக்கோணும். அந்தக் கடுதாசில 'அன்டுவார்ட்டா நடந்துக்கிட்டார்'னு இருந்தா குழு என்னன்னு விசாரிக்கும்? எதுத்தாப்ல இருக்கறவரு 'நான் கொஞ்சம் சத்தமா பேசுனங்க, அவ்ளோதான்'னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிருவாரு. எந்த நாளு, எந்த ஷிப்டு, எந்த லைன்ல, என்ன பேசுனான், என்ன பண்ணுனான், பக்கத்துல யாரு இருந்தா, அதெல்லாம் அப்படியே எழுதச் சொல்லுங்க, சொல்லக் கூச்சமா இருந்தாலும் அந்த வார்த்தையவே எழுதச் சொல்லுங்க.

டெஸ்க்காரன் கோவை:

மேடம் சொன்னது ஞாயம். வக்கீல் சார் சொன்னதையும் ஒத்துக்கறன், அளந்து வெச்ச எடத்துல அது சோம்பேறி இல்ல. ப்ரெஸ் நோட்டுல சோம்பேறிதான், அத மாத்திக்க மாட்டன்.

பனியன்சிட்டி மெர்ச்சு:

அக்கா, உங்க வாசகத்தையே எடுத்துக்கட்டுங்களா? மேனேஜர்கிட்ட காட்டுனன், 'இவ்ளோ ஓப்பனாவா'ன்னு ஒரு மாதிரி பாத்தாரு, பையர் ஆடிட்ல ஒத்துக்கிட்டாங்கன்னு சொன்னதும் சரி ஒட்டுன்னுட்டாரு.

பெருந்துறை ஹெச்ஆர்:

தாராளமா எடுத்துக்கங்க தம்பி. கட்டிங், செக்கிங், பேக்கிங் எல்லாப் பக்கமும் ஒட்டுங்க, லேடீஸ் டாய்லெட் கதவுக்கு உள்பக்கம் கட்டாயம் ஒண்ணு, அங்கதான் நின்னு முழுசா படிப்பாங்க, நம்பரையும் எழுதிக்குவாங்க. ஆபீஸ் ரூம் முன்னாடி மட்டும் ஒட்டீட்டு போட்டோ எடுத்து அனுப்பறது ஒரு சிலரு பண்றதுதான், அது வேண்டாம்.

ஊத்துக்குளி வெண்ணெய்:

டீச்சருங்க ஒரே ஒரு டவுட்டு. 'அன்டுவார்ட்லி'ன்னு இருக்குதுங்களா?

கோபி டீச்சர்:

இருக்குது. யாரும் போடறதில்ல. நீயும் போடாத.